எந்தத் தேதி வரை

பதினேழு தாள்தான் வைத்தேன், பதினெட்டு என்று காட்டுகிறது. வெள்ளைக் கதவுக்கு வெளியே, இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பிணைத்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மறுபடியும் போனைப் பார்க்கிறேன். என் ஆவணங்கள் என்று நீலத்தில் எழுதி, பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் பதினெட்டு. கதவுக்கு உள்ளே என் மகன் பூபதியும் மருமகள் வாசுகியும் டாக்டரம்மாவும் என் கழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கழுத்து வெளியே என்னோடு இருக்கிறது. போன வாரம் இதே ஆஸ்பத்திரியில் கட்டிக்குள் ஊசியை விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். இன்றைக்கு முடிவு சொல்கிற நாள். திருப்பூரிலிருந்து விடிந்ததும் காரில் புறப்பட்டோம், கோயம்புத்தூர் வருகிறவரை வாசுகி எந்தக் கடையில் காபி நன்றாக இருக்கும் என்பதையே பேசிக்கொண்டு வந்தாள், பூபதி அதற்கு ஆமாம் போட்டுக்கொண்டு வந்தான், கட்டி என்ற சொல்லை மூன்று பேரும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தோம். இங்கே நாச்சம்மாள் என்று என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். எழுந்து வாசல்வரை போனேன். பூபதி என் தோளைத் தொட்டு, "நீ இங்கயே உக்காரும்மா, ரெண்டு நிமிசம், நாங்க கேட்டுட்டு வந்தர்றோம்" என்றான். சிஸ்டரும், "அட்டெண்டர் பேசட்டும் பாட்டி, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். உட்கார் என்றால் உட்கார்ந்துவிடுகிற உடம்பு. இந்தத் தடவை நானும் உள்ளே வருகிறேன் என்று சொல்ல ஒரு மாதமாக மனசுக்குள் பேசிப் பழகியதெல்லாம் அந்த ஒரு தொடலில் கரைந்துவிட்டது. இப்போதும் எழுந்து போய்க் கதவைத் தட்டலாம். தட்டலாம்தான். அந்தப் பதினெட்டாவது என்ன என்று தெரிந்துகொண்டு தட்டலாம்.

எட்டு வருஷத்துக்கு முன்பும் ஒரு கதவு இருந்தது. அது வேறு ஆஸ்பத்திரி, கதவு பச்சை. அப்போது கழுத்தின் வலப்பக்கம் கட்டி. உள்ளே போனது என் வீட்டுக்காரரும் என் தம்பியும். வெளியே வந்த இரண்டு முகமும் சோப்புப் போட்டுக் கழுவினதுபோல் வெறிச்சென்று இருந்தன. "ஒண்ணுமில்ல நாச்சா, ஒரு நாள் தங்கச் சொல்றாங்க, மாத்திரையிலயே கரைஞ்சுருமாம்" என்றார் அவர். நம்பினேன். ராத்திரி ஒன்றும் சாப்பிடக் கூடாது என்றார்கள், மாத்திரைக்காக இருக்கும் என்று அதையும் நம்பினேன். காலையில் அங்கி மாட்டித் தள்ளுவண்டியில் படுக்கவைத்து லிஃப்டுக்குள் கொண்டுபோன ஆள், மீசை நரைத்தவர், பேச்சுக்குப் பேச்சாக, "கழுத்து ஆபரேசனுங்களா, கொடியெல்லாம் கழட்டிக் குடுத்துட்டீங்களா" என்று கேட்டார். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. லிஃப்டின் கூரையில் ஒரு சின்ன மின்விசிறி கம்பிக் கூட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, அதன் கம்பியில் ஒரு நூல் சிக்கி ஆடியது. பாவம், என்னைவிட என் வீட்டுக்காரர்தான் பயந்திருப்பார் என்று அவருக்காக நானே நியாயம் பேசிக்கொண்டு அந்த நூலையே பார்த்துக்கொண்டு போனேன். நல்ல மனுஷர். மூன்று வருஷமாகிறது, பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே போய்விட்டார், இனி அவரிடம் கேட்க முடியாது. கேட்டாலும், "உனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கு ராத்திரி தூங்கியிருப்பயா" என்றுதான் சொல்வார். தூங்கியிருக்க மாட்டேன். ஆனால் அது என் தூக்கம். என் தூக்கத்தை நான் கெடுத்துக்கொள்ளக் கூடாதா. இந்தத் தடவை கட்டி இடப்பக்கம் வந்ததைக் கண்ணாடியில் முதலில் பார்த்தபோது எனக்குக் கட்டி ஞாபகம் வரவில்லை, அந்த லிஃப்ட்தான் ஞாபகம் வந்தது. எச்சில் விழுங்குகிறேன். ஒரு இடத்தில் லேசாகத் தடுக்கிப் போகிறது. மறுபடி விழுங்குகிறேன். இருக்கிறது.

"ஏனுங்க்கா, உங்கள உட்டுட்டு உள்ள போயிட்டாங்களா?" பக்கத்து நாற்காலி அம்மா. பல்லடம் என்று வந்ததுமே சொல்லிவிட்டாள், ஊரைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்க மாட்டாள் போலிருக்கிறது. "ஆமாங்க" என்றேன். "எங்கூட்ல தலைகீழுங். எங்கூட்டுக்காரரு அந்த ரூமுக்குள்ள தனியாத்தான் போவேன்னு போயிருக்காரு. நான் வந்தா பீடி குடிக்கறதச் சொல்லிப்போடுவனாமா." "சொல்லுவீங்களா?" "சொல்லாம? எத்தனை கட்டுன்னுகூடச் சொல்லுவேன்." இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் கட்டி மேலே ஏறி இறங்குகிறது. அவள் என் கையை எட்டிப் பார்த்தாள். "போன்ல என்னங்க்கா, சீரியலா?" "இல்லீங், என்ற ரிப்போர்ட்டு." "உங்க ரிப்போர்ட்ட நீங்களே பாப்பீங்களா!" என்றாள், நான் என் முதுகை நானே பார்த்துக்கொள்வேன் என்று சொன்னதுபோல. எனக்குக் கூச்சம் வந்துவிட்டது, உள்ளங்கையால் திரையை மூடிக்கொண்டேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. தமிழ் நன்றாக வாசிப்பேன். இங்கிலீஷில் எழுத்தெல்லாம் தெரியும், பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் செக்கிங்கில் நின்றவள், காலர் லேபிளையும் துவைக்கிற முறை அச்சடித்த லேபிளையும் தலைகீழாகப் பிடித்தாலும் வாசிப்பேன், அதற்கு வெளியே இருக்கிற இங்கிலீஷ் என்னைக் கண்டால் விலகிப் போகும். அங்கே தையல் விட்ட இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவோம், அம்பின் நுனி குறையைக் காட்டும். ஒட்டிவிட்டால் சூப்பர்வைசரே வந்தாலும் அந்தப் பீஸ் பெட்டிக்குப் போகாது. மேஜைக்கு மேலே டியூப்லைட், கீழே வெள்ளைத் துணி, நடுவில் என் கை. எதையும் அந்த மேஜைக்கு வெளியே வைத்துத் தீர்மானித்ததில்லை.

ரிப்போர்ட்டைப் போனில் வைத்துக்கொள்கிற இந்தச் சேவையையும் அப்படித்தான் பார்த்தேன். சர்க்கரை சோதிக்கிற லேப் சுவரில் ஒட்டியிருந்தார்கள், உங்கள் மருத்துவ ஆவணங்கள் உங்கள் கைபேசியில் என்று. ரத்தம் கொடுத்த கையை மடக்கிக்கொண்டு அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். உங்கள் என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து, பூபதி எனக்குக் கொடுத்த அவனுடைய பழைய போனில் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். முதலாவது பச்சை நிறத்தில் இருந்தது. அது என்னைப் பற்றி ரொம்ப அக்கறைப்பட்டது. தண்ணீர் குடித்தீர்களா என்று மணிக்கொரு தரம் கேட்கும். குடிக்காமலே ஆம் என்று அழுத்தினால் பொய்யாகிவிடும் என்று, அது கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்க் குடித்துவிட்டு வந்து அழுத்தினேன். நாலு நாளில் வாசுகி, "என்னங்கத்தை, ராத்திரியெல்லாம் பாத்ரூம் லைட்டு எரியுது, சர்க்கரை கூடிப்போச்சா" என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள். பிறகு அது என் போனில் இருக்கிற எல்லா நம்பரையும் பார்க்க வேண்டும் என்றது. என் கழுத்துக்கும் கறிக்கடைக்காரர் நம்பருக்கும் என்ன சம்பந்தம். எடுத்துவிட்டேன். இரண்டாவதில் இதயப் படம் போட்டிருந்தது. அது என் பேருக்குப் பின்னால் இன்னொரு பேர் வேண்டும், அது இல்லாமல் அடுத்த பக்கம் போகாது என்றது. எனக்கு இருப்பது ஒரே பேர். அதையே இரண்டு தடவை போட்டேன். வணக்கம் நாச்சம்மாள் நாச்சம்மாள் என்று மரியாதையாகக் கூப்பிட்டது. வயது அறுபத்தேழு என்று போட்டதும், நீங்கள் மூத்தவர், உங்கள் பிள்ளையின் கணக்கில் சார்ந்திருப்பவராகச் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு கட்டத்தைக் காட்டி, அதில் தானாகவே டிக்கும் போட்டு வைத்திருந்தது. அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பச்சைக் கதவுபோல இருந்தது. அதையும் எடுத்தேன். மூன்றாவதுதான் இந்த நீலம். தமிழில் பேசியது, அதிகம் கேட்கவில்லை, ஒரு நீளமான எண்ணைக் கொடுத்தது. அனுமதிகள் என்று ஒரு பக்கம். உங்கள் ஆவணங்களை யார் பார்ப்பதானாலும் முதலில் உங்களிடம் கேட்கப்படும் என்று எழுதியிருந்தது. என்னிடம். கேட்கப்படும். தையலை இழுத்துப் பார்க்காமல் ஒரு பீஸை நல்லது என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் ரகசிய எண்ணை வேண்டுமென்றே மூன்று தடவை தப்பாகப் போட்டுப் பார்த்தேன். பூட்டிக்கொண்டது. நல்ல பூட்டு. ஆனால் நானும் வெளியே. மறுநாள் அதே நேரம் வரை திறக்காது என்றது, அந்த ஒரு நாள் முழுக்க, பருப்பு தாளிக்கும்போதும், துணி காயப்போடும்போதும், யாருக்கும் தெரியாமல் சந்தோஷமாக இருந்தேன்.

நானே பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய ரிப்போர்ட்டை எல்லாம் படம் எடுத்து ஏற்றியது ஒரு மத்தியானம். வீட்டில் யாரும் இல்லாத நேரம். முதலில் எடுத்ததில் என் தலையின் நிழல் ஒவ்வொரு தாளிலும் விழுந்து, எல்லா ரிப்போர்ட்டிலும் எனக்கு ஒரே இடத்தில் கறுப்பாக ஏதோ இருப்பதுபோல் தெரிந்தது. பிறகு செக்கிங் மேஜை ஞாபகம் வந்தது. கட்டிலில் வெள்ளை வேட்டியை விரித்து, டியூப்லைட்டுக்கு எதிர்ப்பக்கம் நான் போய் நின்றுகொண்டேன். எழுத்தெல்லாம் பொறித்ததுபோல் வந்தது. தாள்களை முன்கூட்டியே எண்ணி வைத்திருந்தேன், பதினேழு, விரலை எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினது. கடைசிக்கு வரும்போது வாசலில் மணி அடித்தது, வாசுகி வந்துவிட்டாள், கையில் இருந்ததைப் பார்க்காமலே ஒன்றோ இரண்டோ எடுத்து, அள்ளி உறைக்குள் திணித்து, பட்டுப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். "என்னங்கத்தை, வேர்த்துப் போயிருக்கீங்க?" "ஒண்ணுமில்ல கண்ணு, ஃபேன் போட மறந்துட்டேன்." ஏன் மறைத்தேன். தெரிந்தால் தடுக்க மாட்டார்கள். குடுங்கத்தை நான் பண்ணிக் குடுக்கறேன் என்று அன்பாக வாங்கிக்கொள்வார்கள், அதற்குத்தான் பயந்தேன். அன்பாக வாங்கிக்கொண்டதை எப்படித் திருப்பிக் கேட்பது. இன்று காலை இங்கே கவுண்டரில் அந்தப் பெண், ஹெல்த் ஐடி இருக்கிறதா என்று கேட்டாள். பூபதி, "இல்லீங்க, அம்மாவுக்கு அதெல்லாம் இல்லீங்க" என்றான். நான் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து, இருக்குதுங் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அந்தப் பெண் அவனைத் தாண்டி எட்டிப் பார்த்து, "சொல்லுங்கம்மா" என்றாள். பார்க்காமலே அந்த நீளமான எண்ணைச் சொன்னேன், நாலு நாலாகப் பிரித்து, பண்டல் எண்ணுகிற மாதிரி. என் போனில் ஓடிபி வந்தது, அதையும் நானே சொன்னேன். "யாரும்மா உனக்கு இதப் போட்டுக் குடுத்தா?" என்றான் பூபதி. "நாந்தான்" என்றேன். அவன் சிரித்து, "சரி சரி" என்று சொல்லிவிட்டு வண்டி நிறுத்திய சீட்டை எங்கே வைத்தேன் என்று தேடப் போய்விட்டான். ஆனாலும் நான் சொன்னேன். இரண்டாம் தடவை காதில் விழுகிற மாதிரியே சொன்னேன்.

கதவு திறக்கிறது. நான் பாதி எழுந்துவிட்டேன். இல்லை, ஒரு நர்ஸ் ஏதோ தாளை எடுத்துக்கொண்டு போகிறாள், கதவு முழுக்கச் சாத்தவில்லை, கைப்பிடி அகலத்துக்கு ஒரு சந்து. அந்தச் சந்து வழியாகப் பூபதியின் குரல் வருகிறது. "மேடம், அம்மாகிட்ட மட்டும் சொல்ல வேண்டாங்க. தாங்க மாட்டாங்க. சாதாரணக் கட்டின்னே சொல்லிருங்க." டாக்டரம்மா எதையோ புரட்டுகிற சத்தம். "போன ஆபரேஷன்ல தைராய்டை முழுசா எடுத்தாங்களா, ஒரு பக்கம் மட்டுமா?" "முழுசாத்தானுங்க மேடம். அப்படித்தான் நெனைக்கறேன்." "நெனைச்சா போதாதே. பழைய ரிப்போர்ட் இல்லையா?" வாசுகியின் குரல்: "வீடு மாத்தறப்ப எங்கியோ போயிருச்சுங்க மேடம்." கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. சாதாரணக் கட்டின்னே சொல்லிருங்க. அப்படியென்றால் சாதாரணம் இல்லை. நாற்காலியின் இரும்பு தொடையில் சில்லென்று ஏறுகிறது. பல்லடத்தம்மா ஏதோ சொல்கிறாள், வாய் அசைவது மட்டும் தெரிகிறது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். பதினேழு, எண்ணினேன், இரண்டு தடவை எண்ணினேன். ஸ்கேன் நாலு, ரத்தம் ஏழு, ஆபரேஷன் செய்த தாள் மூன்று, அறுத்ததைச் சோதித்த தாள் ஒன்று, வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்தது இரண்டு, ஆக பதினேழு, பதினெட்டாவது என்ன, ஒன்றையே இரண்டு தடவை எடுத்துவிட்டேனா, எடுத்திருந்தால் எதை. தாங்க மாட்டாங்க. யார் தாங்க மாட்டார்கள். இவனைப் பெற்றபோது நான் கத்தினேனா என்று இவனுக்குத் தெரியுமா. இவன் அப்பாவை பஸ் ஸ்டாண்டிலிருந்து தூக்கி வந்தபோது, இவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான், நான்தான் அவர் சட்டைப்பையிலிருந்து சில்லறையையும் டிக்கெட்டையும் எடுத்து வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். ஆனால் நிஜமாகவே தாங்க மாட்டேனோ. உள்ளே போய் அந்தச் சொல்லைக் கேட்டு, வழக்கம்போல் குரல் வராமல், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால். இப்படியே வெளியே இருந்துவிட்டால் என்ன. அவர்கள் வந்து சாதாரணம் என்பார்கள், நான் நம்பினதுபோல் இருப்பேன், அவர்கள் நான் நம்பிவிட்டேன் என்று நம்புவார்கள், காரில் மறுபடி காபி பற்றிப் பேசிக்கொண்டு போவோம். சுகமாகத்தான் இருக்கும். பிறகு ஒரு காலையில் லிஃப்ட். கூரையில் அந்த மின்விசிறி. அந்த நூல். குறை இருக்கிற இடத்தில் அம்பு ஒட்டியாகிவிட்டது, நுனி என் கழுத்தைக் காட்டுகிறது, பார்க்க வேண்டியவள் மட்டும் மேஜைக்கு வெளியே இருக்கிறாள்.

கையில் போன் அதிர்ந்தது. நீலம். இந்த ஆஸ்பத்திரியின் பெயரைப் போட்டு, இவர்கள் உங்கள் ஆவணங்களைப் பார்க்க உங்கள் அனுமதியைக் கேட்கிறார்கள். அனுமதிக்கிறேன். மறுக்கிறேன். எந்தத் தேதி வரை. வாசித்தேன். எழுத்துக் கூட்டாமலே வாசித்துவிட்டேன். அறுபத்தேழு வருஷத்தில் என்னை ஒருவர் இப்படிக் கேட்டதில்லை. சிஸ்டர் தலையை நீட்டினாள். "நாச்சம்மாள் பாட்டி, உங்க போன்ல ஒண்ணு வந்திருக்கும், ஓகே குடுங்க. மேடம் பழைய ரெக்கார்டு பாக்கணுமாம், சிஸ்டத்துல உங்க ஐடி காட்டுது." அவளுக்குப் பின்னாலேயே பூபதி வேகமாக வந்தான். கண் சிவந்திருந்தது, சிரிப்பை மட்டும் ஒட்டவைத்திருந்தான். "குடும்மா, நான் அமுக்கறேன்." கையை நீட்டினான். அவன் அப்பாவின் கை, அதே கட்டை விரல். என் கை போனை நீட்டத்தான் போனது, பழக்கம். பாதியில் நிறுத்தினேன். நிறுத்தியதும் அது தானாக மடியில் வந்து படுத்துக்கொண்டது. "உள்ள வந்து குடுக்கறேன்" என்றேன். "என்னம்மா?" கேட்கவில்லை போலிருக்கிறது. இரண்டாம் தடவை சொன்னால் கேட்கும், அது காலையிலேயே தெரிந்துவிட்டது. "என்ற ரிப்போர்ட்டுக்கு என்னையத்தான கேக்கறாங்க. உள்ள வந்து குடுக்கறேன் சாமி." அவன் சிஸ்டரைப் பார்த்தான், சிஸ்டர் போனைப் பார்த்தாள். "அவங்க குடுக்காம ஓபன் ஆகாது சார்" என்றாள். பல்லடத்தம்மா என் முழங்கையைத் தாங்கி எழுப்பிவிட்டாள். "போங்க்கா. பீடி குடிச்சிருந்தா மட்டும் சொல்லாதீங்க." சிரித்துக்கொண்டேதான் அந்த வெள்ளைக் கதவைத் தாண்டினேன். பூபதி எனக்குப் பின்னால் வந்தான்.

உள்ளே ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு மேஜை, இந்தப் பக்கம் கூட வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலி, டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் நோயாளிக்கு ஒரு உருண்டை ஸ்டூல். அந்த ஸ்டூல் காலியாக இருந்தது. இவ்வளவு நேரமும் அதைக் காலியாக வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார்கள். வாசுகி பதறி எழுந்து, "அத்தை, இங்க உக்காருங்க" என்று தன் நாற்காலியைக் காட்டினாள். "இருக்கட்டும் கண்ணு" என்று சொல்லி நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா வயதில் வாசுகியை ஒத்தவள், மூக்குத்தி போட்டிருந்தாள், என்னைப் பார்த்தாள், பூபதியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். எந்தத் தேதி வரை என்ற இடத்தில் இன்று மட்டும் என்பதைத் தொட்டேன், முதல் தடவை யாருக்கும் அதற்கு மேல் கிடையாது, பிறகு அனுமதிக்கிறேன். அவள் கம்ப்யூட்டரில் என் கட்டிலின் வெள்ளை வேட்டி விரிந்தது. ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டே போனாள். "யாரும்மா இவ்வளவு தெளிவா எடுத்தது?" "நாந்தானுங்." "வலது பக்கம் மட்டுந்தான் எடுத்திருக்காங்க. அப்ப எடுத்த கட்டியில மோசமா ஒண்ணும் இல்ல. நல்லது, இது தெரியாம இருந்திருந்தா இன்னும் ரெண்டு வாரம் தேடியிருப்போம்." கடைசிக்கு வந்தாள். நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இது எந்த லேப் ரிப்போர்ட்மா, கட்டம் கட்டமா இருக்கு?" திரை முழுக்க என் ஜாதகம். பூபதி ஆதாருக்குப் பிறந்த தேதி வேண்டும் என்று ஒரு தடவை ஜெராக்ஸ் எடுத்தது, உறைக்குள் ஏதோ ஒரு தாளின் முதுகில் ஒட்டிக் கிடந்திருக்கிறது, எண்ணும்போது ஒன்றாகப் போய், எடுக்கும்போது பிரிந்து வந்திருக்கிறது. ராசிக் கட்டம், அம்சக் கட்டம், கீழே ஜோசியரின் கோணல் எழுத்தில் ஆயுள் எண்பத்தொன்று. பதினெட்டு. வெட்கம் காது வரைக்கும் சூடாக ஏறியது, ஆனால் அந்த முடிச்சு அவிழ்ந்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. எண்ணிக்கை சரி. என் எண்ணிக்கை தப்பவில்லை. "அதுவும் என்னோடதுதானுங் மேடம்" என்றேன். "இருந்துட்டுப் போகட்டும்." டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தாள், வாசுகியும் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரிப்பு நின்றது. எனக்குத் தெரிந்தது, இப்போது நான்தான் கேட்க வேண்டும். "சாதாரணக் கட்டி இல்லீங்களே?" பூபதி, "அம்மா" என்றான். டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் முழுக்கத் திருப்பிக்கொண்டாள், முழங்காலுக்கு முழங்கால் இடிக்கிற தூரம். "இல்லைம்மா. கேன்சர்தான்." சொல் வந்து விழுந்தது. காத்திருந்தேன். தலை சுற்றவில்லை. ஃபேன் சுற்றியது, டேபிளில் ஒரு தாள் படபடத்தது, என் கை சேலைத் தலைப்பைத் தேடிப் போகவில்லை. கதவுக்கு வெளியே இருந்தபோது அது எவ்வளவு பெரியதாக இருந்தது, இங்கே மேஜைமேல் வெளிச்சத்தில் வைத்ததும் ஒரு கட்டியின் அளவுக்கு இருக்கிறது. "ஆனா இது மெதுவா வளர்ற வகை. மிச்சம் இருக்கற இடது பக்கத்தையும் எடுத்துடலாம், அப்புறம் ஒரு மருந்து குடுப்போம், தினம் காலையில ஒரு மாத்திரை. வருஷா வருஷம் வந்து என்னைப் பாக்கணும். இத வெச்சுட்டு நல்லா இருக்கறவங்க நிறையப் பேர்." "குரல் போயிருங்களா?" "கொஞ்ச நாள் கம்மலா இருக்கலாம், வந்துரும். ஏன், பாடுவீங்களா?" "இல்லீங். இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கேன்." பூபதி முகத்தை மூடிக்கொண்டு அழுதான், மறைக்க முடியாமல் போனதற்கா, இனி மறைக்க வேண்டியதில்லை என்பதற்கா, தெரியவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தேன். "அழுவாத சாமி. நீ அழுதா எனக்குக் கணக்குத் தப்பிரும்." ஆபரேஷனை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அவள் அவனைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். அடுத்த செவ்வாய் வேண்டாம், வாசுகிக்கு ஆபீசில் ஆடிட்டு, வியாழக்கிழமை என்றேன். வியாழக்கிழமை என்று எழுதினாள். நான் சொன்ன கிழமை அவள் கையெழுத்தில் தாளில் நின்றது.

"இன்னைக்கு மட்டும்னு குடுத்திருக்கீங்கம்மா, ராத்திரியோட முடிஞ்சுரும். இன்னொரு தடவை அனுப்பறேன், கொஞ்சம் நாள் கூட்டிப் போடுங்க. ஒரு மாசம் போட்டாப் போதும்." போன் அதிர்ந்தது. அனுமதிக்கிறேன். மறுக்கிறேன். எந்தத் தேதி வரை. தொட்டதும் நாள், மாதம், வருஷம் என்று மூன்று சக்கரம் வந்தது. நாளைத் தொடவில்லை. மாதத்தைத் தொடவில்லை. வருஷத்தைக் கட்டை விரலால் மேலே தள்ளினேன், வழவழவென்று ஓடியது, நூல்கண்டு உருள்கிற மாதிரி. "என்னம்மா பண்ற?" என்றான் பூபதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பொறு, கணக்குப் போடறேன்." ஜோசியர் சொன்னது எண்பத்தொன்று. இப்போது அறுபத்தேழு. அதற்குப் பதினாலு. ஆனால் ஆர்டர் எத்தனையோ அத்தனையை மட்டும் வெட்டுகிற கம்பெனி எங்கள் ஊரில் கிடையாது, கறை படும், ஊசி முறியும், நூற்றுக்கு மூன்று கூடுதலாகவே வெட்டுவார்கள். பதினாலுக்கு அந்தக் கணக்கில் அரைப் பீஸ்கூட வராது. பீஸை அரையாக வெட்ட முடியாது. ஒன்று. சக்கரத்தை இன்னும் ஒரு பல் தள்ளி நிறுத்தினேன். அனுமதிக்கிறேன் என்பதை அழுத்தினேன். டாக்டரம்மாவின் திரையில் அது போய்ச் சேர்ந்தது, அவள் கண்ணாடியைச் சரிசெய்து கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். "அம்மா, பதினஞ்சு வருஷம் போட்டிருக்கீங்க."

"ஆமாங் மேடம்" என்றேன். முதல் தடவையிலேயே எல்லாருக்கும் கேட்டது. "ஒரு பீஸ் கூட வெச்சிருக்கேன்."